வீதியும் கமராவும்

வில்பத்துக் காட்டிலே சிறுத்தையைப் படம் பிடிக்க வருவோர், திரும்பும் வழியில் வண்ணாத்திவில்லுப் பக்கத்து மீனவரையும் ஓரிரு படம் எடுத்துக்கொள்வதுண்டு. சுருங்கிய முகம், கிழிந்த வலை, கறுப்பு வெள்ளையின் ஒளிநிழல். படம் அழகாகவே அமைந்துவிடும். அவ்வழகு யாருக்குப் பயன்படுகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

இலங்கையில் இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் லயனல் வென்ட் (1900–1944). உழைப்பாளியின் உடலிலே பேரழகு உண்டென்று அவருடைய கமரா காட்டிற்று. அது சிறிய சாதனையன்று. ஆயினும், அவ்வுழைப்பாளி ஏன் வறியவனாய் இருக்கிறான் என்ற வினாவை அப்படங்கள் எழுப்புவதில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் வங்கத்துச் சுனில் ஜானா (1918–2012). 1943-ல் வங்கத்தைப் பஞ்சம் சூழ்ந்தபோது, மாணவராயிருந்த அவரைப் பஞ்சப் பகுதிகளுக்கு அழைத்துச் சென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பி. ஸி. ஜோஷி. சோறு தேடிக் கல்கத்தாவுக்கு வந்த கிராம மக்கள் அந்நகரத்து நடைபாதைகளிலே விழுந்து மடிந்தனர். ஏறக்குறைய 30 இலட்சம் உயிர்களைப் பஞ்சம் விழுங்கிற்று. எலும்புக்கூடாய் நின்ற மனிதரை ஜானா உலகின் கண்முன் நிறுத்தினார்.

இறப்போர் முன்னே கமராவை நீட்டுவது தகுமா? நியாயமான வினாவே. படம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கொண்டே இதற்கு விடை கூற இயலும். ஜானாவின் படங்கள் செல்வர் வீட்டுச் சுவருக்குச் செல்லவில்லை. ஜோஷியின் கட்டுரைகளோடு கட்சிப் பத்திரிகையில் வெளிவந்து, மறைக்கப்பட்ட கொடுமைக்குச் சாட்சியாயின.

கட்டுரையோடு வந்தமை முக்கியமானது. ஏந்திய பாத்திரத்தைக் கமரா காட்டும். பறிக்கப்பட்ட படகை அது காட்டமாட்டாது. 1942-ல் பர்மா வீழ்ந்ததும், ஜப்பானியர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி, வங்கக் கரையோரத்துப் படகுகளை ஆங்கில அரசு அகற்றியது, நெல்லையும் அப்புறப்படுத்தியது. புயலும் பதுக்கலும் விலையேற்றமும் எஞ்சியதை முடித்தன. படகு போனால் அடுப்பும் அணையும் என்பதை நம் கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, வீதிப் படம் புண்ணைக் காட்டும். புண்படுத்திய கையைச் சொல்லே சுட்ட வேண்டும். இன்று கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படம் பிடிக்கலாம். நகரத்து நடைபாதையில் உறங்குபவனைப் படம் பிடிக்கும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: அவனிடம் இசைவு கேளுங்கள், எந்த ஊரிலிருந்து, எதை இழந்து வந்தான் என்பதையும் கேளுங்கள். அவன் கூறும் விடை, படத்தின் கீழே அச்சேறட்டும்.