நாகையும் கடாரமும் ஒரே தெருவில்

வரலாற்றின் மேல் ஆசை எப்படி வந்தது என்று பினாங்குத் தமிழர்களைக் கேட்டால், பலர் ஒரு நாவலின் பெயரைச் சொல்வார்கள்: கல்கியின் பொன்னியின் செல்வன், அகிலனின் வேங்கையின் மைந்தன், சாண்டில்யனின் கடல் புறா. தமிழ்நாட்டு வாசகருக்குக் கடாரம் எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கும் ஊர். பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் நிற்பவருக்கோ, வானம் தெளிந்த நாளில் கண்ணுக்கே தெரிகிறது அந்தக் கடாரமான கெடாவின் ஜெராய் மலை. பழங்கோவில்கள் இருந்த பூஜாங் பள்ளத்தாக்கு அதன் அடிவாரத்தில்தான் இருக்கிறது. எதிர்க்கரையான செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி கண்டெடுத்த கல்லில், புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவனின் பெயர் 5-ஆம் நூற்றாண்டு எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது.

நாவல் ஊட்டும் ஆசை பெரியது. ஆனால் அது பெருமிதத்தோடு நின்றுவிடுவதையும் நிறையப் பார்த்துவிட்டேன். நிலைத்து நிற்கும் ஆசைக்கு ஒரு கேள்வி வேண்டும். பினாங்கில் அந்தக் கேள்வி தெருப்பலகையிலேயே எழுதியிருக்கிறது: சூலியா என்றால் என்ன? சோழ என்ற சொல்லின் திரிபு என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. நாவலில் படை நடத்திய சோழனைத் தேடிப் போகும் பிள்ளை, இங்கே சோழமண்டலக் கரையிலிருந்து கடைவைக்க வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரைச் சந்திக்கிறது. அந்தத் திகைப்பில்தான் வரலாறு பிடித்துப்போகிறது. அதே சூலியா தெருவில் நாகூர் தர்கா. சற்றுத் தள்ளி, காதர் முகைதீன் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். ராணித் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில். எல்லாம் நடக்கும் தூரம்.

இந்தக் கேள்விக்கு ஆய்வுலகம் தாமதமாகத்தான் வந்தது. கெர்னியால் சிங் சந்து 1969-இலும், சின்னப்பா அரசரத்தினம் 1970-இலும் வெளியிட்ட நூல்கள் மலாயா இந்தியர் வரலாற்றுக்கு அடித்தளம். அவை நாடு முழுவதையும் அளந்தவை. ஒரு தெருவுக்குள் நுழைய இடமில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது, பினாங்குச் சூலியாக்கள் பற்றிக் கூ சல்மா நசுத்தியோன் 2014-இல் தந்த பெருநூல். தமிழில் அதற்கு இணையாக ஒன்று வர வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

பிள்ளைகளுக்காக நடந்த நல்ல முயற்சி, ஜேனட் பிள்ளை முன்னின்று நடத்திய ‘அனாக்-அனாக் கோத்தா’. நகரத்துப் பிள்ளைகளைக் கைவினைஞர்களிடமும் முதியவர்களிடமும் அனுப்பி, கேட்கவும் பதிவுசெய்யவும் பழக்கியது.

இழப்பும் ஆசையை மூட்டும். பூஜாங்கில் 11-ஆம் சண்டி என்ற பழங்கோவில் இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வந்தபோது கொதித்தவர்களில் எத்தனையோ பேர், அப்படியொரு கோவில் அங்கே இருந்ததையே அன்றுதான் அறிந்தார்கள்.

யாரும் போதிய அளவு கேட்காத இடம் வீடு. 1970-களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்களை ஏற்றிவந்தது ரஜூலா கப்பல். அந்தக் கடல்வழி மிகப் பழையது. ராஜராஜன் காலத்தில் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்பியவன் கடாரத்து அரசன். 1025-இல் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்துக்குப் போனதும் இதே கடலைக் கடந்துதான். ரஜூலாவில் கைக்குழந்தையாக வந்திறங்கியவர்களுக்கே இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவர்களைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிய தாய்மார்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், யாரோடு பேசினார்கள், துறைமுகத்தில் யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று சொல்வதற்கு.