கொடுக்கிற கை யாருடையது?

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை, அன்னையர் தினத்துக்குக் காகிதப் பூ, ஆசிரியர் தினத்துக்குப் பேனா வைக்கும் டப்பா, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம். மழலையர் வகுப்புகளில் ஆண்டு முழுவதும் குழந்தைகள் எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தன் கையால் செய்ததை இன்னொருவருக்குத் தரும்போது கொடுப்பதன் மகிழ்ச்சியைக் குழந்தை உணரும் என்று நம்பித்தான் நாம் இதைச் செய்யச் சொல்கிறோம். அந்த நம்பிக்கை சரியானது. ஆனால் நாம் அதை நடத்தும் விதம் பல நேரங்களில் அந்த மகிழ்ச்சியைக் குழந்தையிடமிருந்து பறித்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தின் பலம் எது, பழுது எது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் பலம். ஐந்து வயதுக் குழந்தையிடம் சொந்தமாகப் பணம் கிடையாது. நண்பனின் பிறந்தநாளுக்கு அது எடுத்துச்செல்லும் பரிசு அப்பா வாங்கியது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பலகாரத் தட்டு அம்மா அடுக்கியது. இவற்றில் குழந்தையின் வேலை கொண்டுசேர்ப்பது மட்டுமே. கைவேலையில்தான் நிலைமை மாறுகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கோணலாக வெட்டி, விரலெல்லாம் பசையாக்கிக்கொண்டு செய்த பொருள் முழுக்க முழுக்க அதனுடையது. தன்னுடையது என்று சொல்ல ஒன்று இருந்தால்தான் கொடுக்கவும் ஒன்று இருக்கும்.

இது ஆசையில் சொல்வதல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா ஆக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகியோர் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளிடம் தின்பண்டம் கொடுத்து, அதில் ஒன்றை ஒரு பொம்மைக்குத் தரச் செய்து, அவர்களுடைய முகமலர்ச்சியை அளந்தார்கள். தாங்கள் பெற்றபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது குழந்தைகள் அதிகமாக மகிழ்ந்தார்கள். அதிலும், ஆய்வாளர் எடுத்துத் தந்த பண்டத்தைக் கொடுத்ததைவிடத் தங்கள் கிண்ணத்திலிருந்ததைக் கொடுத்தபோது மகிழ்ச்சி கூடியது. சில குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு இது. இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும், தன்னுடையதைத் தருவதில்தான் இன்பம் இருக்கிறது என்று அது காட்டும் திசை முக்கியமானது.

இரண்டாவது பலம், பெறுபவரை நினைத்திருக்கும் நேரம். கைபேசி வருவதற்கு முன் நம் ஊர்களில் பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கம் இருந்தது. மார்கழி பிறந்ததும் கடைகளில் அட்டைகள் தொங்கும். வாங்கக் காசில்லாத பிள்ளைகள் அஞ்சலட்டையிலேயே பானையும் கரும்பும் வரைந்து, கலர் பென்சில் தீட்டி அனுப்பினார்கள். மாமாவுக்கு எது, ஊர் மாறிப்போன தோழிக்கு எது என்று ஒவ்வொன்றையும் யோசித்தார்கள். பதில் அட்டைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்தார்கள். யாரும் மதிப்பெண் போடவில்லை. ஒருவரை மனத்தில் வைத்து ஒன்றைச் செய்வதற்கான பயிற்சி அதிலேயே இருந்தது.

இனி பழுதுகள். முதலாவது, பெரியவர்களின் கை. 'கிராஃப்ட் ஒர்க்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவது, குழந்தை தூங்கிய பிறகு அம்மாவே வெட்டி ஒட்டி முடிப்பது, காலையில் அதைக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்புவது. இது பல வீடுகளில் நடக்கிறது. கோணலாக இருந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான் காரணம். பெற்றோரை மட்டும் குறை சொல்ல முடியாது. அழகாக இருப்பதை மட்டும் காட்சிப் பலகையில் மாட்டும் பள்ளிக்கும் இதில் பங்குண்டு. அம்மா செய்த பொருளைக் கொடுக்கும் குழந்தை திரும்பவும் வெறுமனே கொண்டுசேர்க்கும் ஆளாகிவிடுகிறது.

இரண்டாவது, பெறுபவர் இல்லாத பரிசு. வகுப்பிலுள்ள முப்பது பேரும் ஒரே அச்சில் வெட்டிய இதயத்தில் ஒரே வாசகத்தை எழுதுகிறார்கள். யாருக்கு என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பொருள் முடிந்துவிடுகிறது. இதில் ஆழமான வலியும் ஒன்று இருக்கிறது. அம்மாவையோ அப்பாவையோ இழந்த குழந்தையும், பெற்றோர் பிரிந்து வாழும் குழந்தையும் பெற்றோருக்கென்று அதே அட்டையைச் செய்ய வேண்டியிருக்கிறது. 'உனக்குப் பிடித்த ஒருவருக்கு' என்று மாற்றிச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைக்கூட நாம் செலவிடுவதில்லை.

மூன்றாவது, பரிசுக்குப் பரிசு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வு கல்வித் துறையில் புகழ்பெற்றது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். சில நாள் கழித்து, அவர்கள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கைவேலைக்கு ஸ்டாரும் கோப்பையும் தரும்போதும், கொடுக்கும் தருணத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடும்போதும் நாம் இதே தவறைச் செய்கிறோம். குழந்தையின் கண் பெறுபவரின் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கப் பழகுகிறது. முதியோர் இல்லத்துக்குக் குழந்தைகளை வரிசையாக அழைத்துப்போய் அட்டை கொடுக்க வைத்து, படமெடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பும் நிகழ்ச்சிகளைப் பற்றியும் இதைத்தான் சொல்ல வேண்டும். அங்கே முதியவர்கள் மனிதர்களாக இல்லை, பாடப்பொருளாக இருக்கிறார்கள்.

நான்காவது, பொருளின் செலவும் குப்பையும். ஜிகினாத் தூள் பெரும்பாலும் பொடிசெய்த பிளாஸ்டிக். தெர்மாகோல் மட்குவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் தெர்மாகோல் தட்டும் குவளையும் அடங்கும். ஆனால் பள்ளிக் கைவேலைப் பட்டியலில் தெர்மாகோல் இன்றும் நீடிக்கிறது. தினக்கூலி வீட்டுக்கு அந்தப் பட்டியல் ஒரு சுமை. பனையோலைக் காத்தாடி, களிமண் அகல், கொட்டாங்குச்சிக் கிண்ணம், பழைய நாள்காட்டித் தாளில் மடித்த பை என்று காசில்லாமல் செய்ய எவ்வளவோ இருக்கின்றன. அகலை ஏற்றலாம், பையில் கடலை போட்டுக் கொடுக்கலாம். பெற்றவர் பயன்படுத்தும்போது கொடுத்தவருக்கும் பெருமை. அதே நேரம், இயற்கைப் பொருள் என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பானதாகிவிடாது. பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி கடும் நஞ்சுள்ள விதை. அது சிறு குழந்தைகளின் கையில் போகவே கூடாது.

இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: குழந்தையின் விருப்பத்தை நாம் கேட்பதில்லை. நதியா செர்ன்யாக், தாமர் குஷ்னிர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. வருத்தமாக இருக்கும் பொம்மைக்கு ஸ்டிக்கரைக் கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா என்று சில குழந்தைகளைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். வேறு சிலருக்கு அந்த உரிமை தரப்படவில்லை. தாமாக முடிவெடுத்துக் கொடுத்தவர்கள், அடுத்து வந்த இன்னொரு பொம்மைக்கும் அதிகமாகப் பகிர்ந்தார்கள். வைத்துக்கொள்ளவும் உரிமை இருந்தபோது கொடுத்ததே அவர்கள் மனத்தில் வேர்பிடித்தது.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம்: விருப்பத்துக்கு விட்டால் குழந்தை கொடுக்கவே கொடுக்காது, நல்ல பழக்கத்தைச் சொல்லித்தானே வளர்க்க வேண்டும்? இதில் நியாயம் உண்டு. நன்றி சொல்வதையும் பங்கிட்டு உண்பதையும் நாம் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறோம். ஆனால், பிடித்துப்போன தன் காகிதக் கப்பலை இன்றைக்குத் தரமாட்டேன் என்று சொல்வதாலேயே குழந்தை சுயநலம் பிடித்ததாகிவிடாது. அதைப் பிடுங்கிக் கொடுத்தால் இழப்பைத்தான் கற்கும். வைத்துக்கொள்ள விட்டால், நாளை இன்னொரு கப்பல் செய்து தானாகவே கொண்டுபோய்க் கொடுக்கக்கூடும்.

எனவே இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை, திருத்தினால் போதும். 'என்ன செய்யலாம்' என்று கேட்பதற்கு முன் 'யாருக்கு, அவருக்கு என்ன பிடிக்கும்' என்று குழந்தையிடம் கேளுங்கள். கத்தரிக்கோலை அதன் கையிலேயே விடுங்கள்; கோணல் கோணலாகவே இருக்கட்டும். மதிப்பெண்ணும் படமும் வேண்டாம். பெறுபவர்களே, அதை அலமாரியில் மறந்துவிடாமல் பயன்படுத்துங்கள், அப்படிப் பயன்படுத்துவதைக் குழந்தையிடம் நேராகச் சொல்லுங்கள். கொடுக்க வேண்டாம் என்று குழந்தை சொன்னால் அதையும் மதியுங்கள். மறுக்கும் உரிமையோடு வளரும் குழந்தைதான் மனமாரக் கொடுக்கவும் கற்றுக்கொள்ளும்.