பணிக்கரும் பாட்டிக் துணியும்: சோழமண்டலத்தின் மரபுரிமை குறித்த ஒரு மறுவாசிப்பு

கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையையே மையமாகக் கொள்கின்றன. 1963 முதல் அவர் வரைந்த இவ்வரிசையில் ஜாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் மலையாள எழுத்தை நினைவூட்டும் கோடுகளும் நெருங்கி நிற்கின்றன. மேலை நவீனத்திற்கு இந்திய மண் அளித்த விடையாக இவற்றைக் கொள்வது வழக்கம். இவ்வாசிப்பு பிழையன்று, ஆயினும் அது ஓவியப் பரப்பைத் தாண்டிச் செல்வதில்லை.

அவான்கார்ட் கலை குறித்துப் பீட்டர் பியூர்கர் 1974இல் வெளியிட்ட கோட்பாட்டு நூல் வேறோர் அளவுகோலைத் தருகின்றது. கலையின் ஆக்கத்தையும் விநியோகத்தையும் ஏற்பையும் ஆளும் ஏற்பாட்டினைப் பியூர்கர் 'கலை என்னும் நிறுவனம்' என்கிறார். ஒரு கலைஞரின் பாணியைவிட, அந்நிறுவனத்தோடு அவர் கொள்ளும் உறவே இங்கு முதன்மை பெறுகின்றது. இவ்வளவுகோலின்படி, பணிக்கரின் துணிச்சலான செயலை 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலேயே தேட வேண்டும். சென்னையில் ஓவியம் விற்று வாழ்தல் அரிதாயிருந்த காலம் அது. இளம் ஓவியர்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு கடலோரத்தில் நிலம் வாங்கினர். புரவலரையோ அரசையோ எதிர்பாராமல் கலைஞர்கள் தமக்கான உற்பத்திச் சூழலைத் தாமே அமைத்துக்கொண்டனர்.

எனினும், பியூர்கரை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. ஐரோப்பிய அவான்கார்ட் இயக்கங்கள் எதிர்த்தது, முதலாளிய சமூகத்தில் முன்னரே வேரூன்றிவிட்ட கலையின் தன்னாட்சியை. அவை கலையை அன்றாட வாழ்வில் கரைக்க முயன்றன. சென்னை ஓவியருக்கோ தகர்ப்பதற்கு அத்தகைய தன்னாட்சி இருக்கவில்லை. அதனை அவர்கள் ஈட்ட வேண்டியிருந்தது. ஈட்டித் தந்தது அன்றாடப் பயன்பாட்டுத் துணி. கோட்பாட்டின் திசையே இங்குத் தலைகீழாகின்றது. (தமிழ்க் கலை ஆய்வுகளில் மேலைக் கோட்பாடு பெரும்பாலும் முத்திரையாகவே குத்தப்படுவதால் இவ்வேறுபாடு கவனம் பெறுவதில்லை.)

தன்னாட்சி உடையதாகவும் சமூக உண்மையாகவும் கலை ஒருங்கே இருப்பதை அடோர்னோ சுட்டுவார். சோழமண்டலத்தில் இவ்விரட்டைத் தன்மை இருவகைப் பொருள்களாகவே பிரிந்து நிற்கின்றது. பணிக்கரின் எழுத்துகள் படிப்பவருக்குப் பொருள் தர மறுக்கின்றன. பாட்டிக் துணியோ வாங்குபவரின் விருப்பத்திற்கு இணங்கியாக வேண்டும். முன்னதன் மறுப்பிற்கு இடமளித்தது பின்னதன் இணக்கமே. திறனாய்வு முன்னதை மட்டும் போற்றும்போது, அதனைத் தாங்கிய உழைப்பு பின்னணித் தகவலாகச் சுருங்கிவிடுகின்றது.

இங்குப் பணிக்கரின் எல்லையும் புலப்படுகின்றது. 1957 முதல் அவர் முதல்வராக இருந்த சென்னைக் கலைப் பள்ளி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டரால் தொடங்கப்பட்டுக் கைத்தொழிற் பயிற்சியில் வேர்கொண்டது. நுண்கலை மேல், கைவினை கீழ் என்னும் காலனியப் பகுப்பு அதன் வரலாற்றோடு பிணைந்தது. சோழமண்டலத்தில் ஒரே கைகள் இரண்டையும் செய்தன. ஆயினும் கைவினை பிழைப்பாகவும் ஓவியம் படைப்பாகவுமே எண்ணப்பட்டன. பகுப்பு கேள்விக்குள்ளாகவில்லை.