முடிவு காத்தார், வேர் காத்தாரா?

மர்மப் புதினம் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக்குவோர், கதையின் முடிவை மாற்றாதிருந்தாலே மூலத்துக்கு உண்மையாய் நடந்தோம் என எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம்.

அகதா கிறிஸ்டி அம்மையார் 1939-இல் வெளியிட்ட 'அண்ட் தென் தேர் வேர் நன்' உலகறிந்த புதினம். இங்கிலாந்தின் டெவன் கரையை அடுத்த சிறு தீவில் பதின்மர் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு சாவுக்குக் காரணர் என்று இசைத்தட்டிலிருந்து ஒரு குரல் குற்றஞ்சாட்டுகிறது. பின்னர் ஒருவர்பின் ஒருவராய் மாள்கின்றனர். 1943-இல் இதனை நாடகமாக்கியபோது, அம்மையாரே இருவரைக் குற்றமற்றவராக்கிப் பிழைக்க வைத்தார். 1945-இல் ரெனே கிளேர் இயக்கிய திரைப்படமும் அவ்வழியே சென்றது. 2015 டிசம்பரில் பி.பி.சி. மூன்று பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரோ, எவரும் எஞ்சாத மூல முடிவை மீட்டது. அதன் திரைக்கதையை எழுதியவர் சாரா பெல்ப்ஸ்.

கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. நூலைப் படியாதார் பொறுத்தருள்க. பதின்மருள் ஒருவரான நீதிபதி வார்கிரேவே அவர். நூலில், அவர் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்த கடிதத்தால்தான் உண்மை வெளியாகிறது. தொடரில், கழுத்தில் சுருக்குடன் நிற்கும் வேராவின் எதிரே அவரே தோன்றிப் பேசுகிறார். இது மூலத்தில் இல்லாதது; ஆயினும் மூலத்துக்கு முரணானதன்று. தம் திறத்தை எவரேனும் அறிய வேண்டும் என்ற செருக்கே கடிதத்தை எழுதுவித்தது. அச்செருக்கு இங்கே சார்லஸ் டான்சின் முகத்தில் தெரிகிறது. இம்மாற்றம் பாராட்டத்தக்கதே.

குறை வேறோர் இடத்தில் உள்ளது. நூலில் பணியாள் ராஜர்ஸ், நோயுற்ற எசமானிக்கு மருந்து கொடாமல் விட்டவன். படைத்தலைவர் மக்கார்தர், மனைவியின் காதலனைச் சாவு உறுதியான போர்ப்பணிக்கு அனுப்பியவர். காவலர் புளோரின் பொய்ச்சாட்சியால் ஒருவன் சிறை சென்று மாண்டான். தொடரிலோ ராஜர்ஸ் தலையணையால் அழுத்திக் கொல்கிறான். படைத்தலைவர் தம் கையாலேயே சுடுகிறார். புளோர் கைதியை அடித்தே கொல்கிறான்.

இதனால் விளைந்த கேடு யாது? சட்டத்தின் கை எட்டாத குற்றங்களைத் தேடித் தண்டிப்பதே நீதிபதியின் நோக்கம். தலையணையும் துப்பாக்கியும் சட்டம் நன்கறிந்தவை அல்லவா? மேலும், குற்றம் குறைந்தோர் முதலில் மாள, மிகுந்தோர் நெடுநேரம் அஞ்சித் துன்புற வேண்டும் என்பது அவர் வகுத்த வரிசை. தொடரில், கையாலேயே கொன்ற படைத்தலைவர் மூன்றாமவராகவும் ராஜர்ஸ் நான்காமவனாகவும் மாள்கின்றனர். சிறுவன் ஒருவனைக் கடலில் நீந்த விட்டுச் சாகவிட்ட வேராவே இறுதிவரை நிற்கிறாள். மூலத்தின் வரிசை அப்படியே இருக்கிறது. அதற்குரிய காரணம் தளர்ந்துவிடுகிறது.

திரைக்குக் கண்ணாற் காணும் செயல் வேண்டும், ஒன்றைச் செய்யாமல் விட்டதை எவ்வாறு காட்டுவது எனச் சிலர் கேட்கக்கூடும். விடை அத்தொடரிலேயே உள்ளது. வேரா அச்சிறுவன்மீது கை ஓங்கவில்லை. எனினும் அவள் குற்றமே காண்போர் நெஞ்சை மிகுதியும் உலுக்குகிறது. ஒன்றுக்கு இயன்றது ஏனையவற்றுக்கு இயலாதா?

தலையணையால் அழுத்திக் கொல்வோனைக் காணும்போது, 'நான் இவன் அல்லேன்' என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடாதவனைக் காணும்போதோ, நாம் செய்யத் தவறியவை நினைவுக்கு வருகின்றன. புதினத்தின் அச்சம் அங்கேதான் பிறக்கிறது. மேல்வகுப்பு மாணவர்க்கு இலக்கியத் திறனாய்வு கற்பிக்கும் ஆசிரியர்கள் நூலையும் தொடரையும் அருகருகே வைத்து, முடிவு ஒன்றாயிருந்தும் பொருள் வேறானது எங்ஙனம் என்று வினவுவாராக.