அசலும் சாதிக்குள்தான்

2017இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலானோர் எழுதியது. தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களில் 2,800க்கும் அதிகமானோரின் மரபணுக்களைச் சோதித்திருக்கிறார்கள். 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துவந்தவை. அதன் தடயம் அஷ்கெனாசி யூதர்களிடம் இருப்பதைவிட அழுத்தமானது என்கிறார்கள். மூதாதை ஒருவரின் மரபணுப் பழுது தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று கூடினால் நோய். இருவரும் அதைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு.

கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் பிள்ளைக்குத் தீராத சீக்கென்றால் டாக்டர் கேட்பது, "சொந்தத்துல கட்டினீங்களா?" "இல்ல சார், அசல்லதான்." அந்த அசலும் சாதிக்குள் அசல்தான் என்பது பேச்சில் வருவதேயில்லை. முறைப்பெண்ணோடும் தாய்மாமனோடும் நின்றுபோன மருத்துவச் சொல்லாடலை இந்த ஆய்வு சாதி வரைக்கும் இழுத்து வருகிறது. அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் கொலம்பியாவில் கட்டுரை வாசித்தது 1916இல்.

சரி, பரிகாரம்? பிரதி தடுமாறும் இடம் இதுதான். நியூயார்க்கில் 1983இல் தொடங்கிய 'டோர் யெஷோரிம்' அமைப்பை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். பெற்றோர் பார்த்து முடிக்கும் கல்யாணங்களில் முன்கூட்டியே சோதித்து, பழுது சுமக்கும் இருவரைச் சேராமல் தடுப்பது. அதாவது, ஜாதகக்கட்டில் பதினோராம் பொருத்தம். நோயை உண்டாக்கிய வேலி அப்படியே நிற்கும்; வேலிக்குள் பாதுகாப்பாக மணந்துகொள்ளலாம். 2016இல்தான் உடுமலைப்பேட்டையில் அந்த வேலியைத் தாண்டியதற்காக ஒரு இளைஞனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள்.

சோதனையே கூடாதென்று நான் சொல்லவில்லை. ஆய்வு சுட்டும் வைசியர் உதாரணத்தில், அறுவைக்கு முன் தரும் ஒருவகைத் தசைத்தளர்வு மருந்து சிலருக்கு இறங்க வெகுநேரமாகும். முன்பே தெரிந்தால் உயிர் பிழைக்கும். அது சாதிச் சங்கத்தின் சேவையாக இல்லாமல் அரசு மருத்துவமனையில் எல்லோருக்குமான உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

நம் தோழர்களிலும் சிலர் 'சாதி உடம்புக்குக் கெடுதல்' என்று இதை மேடையேற்றக்கூடும். ஆபத்தான வாதம். நாளைக்கே மருத்துவம் அந்தப் பழுதைச் சரிசெய்துவிட்டால் சாதிக்கு நற்சான்று கொடுத்துவிடுவோமா? ஒரு நோயும் தராத சாதியும் ஒழிக்கப்பட வேண்டியதே.