நாலு ஏக்கருக்கு நாற்பத்தைந்து குதிரை

காவிரிப் படுகையில் மூன்று நாலு ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் ஒருவர் டிராக்டர் வாங்க உத்தேசித்திருக்கிறார் என்ற செய்தி வெளியானவுடனே, மைத்துனர் முதல் விற்பனைக் கூடத்துச் சிப்பந்தி வரையில் அனைவரும் ஒரே குரலாக அவருக்கு வழங்கும் யோசனை ஒன்று உண்டு. "வாங்குவதே வாங்குகிறீர்கள், பொம்மை வண்டி எதற்கு? நாற்பத்தைந்தாகவே எடுத்துவிடுங்கள். உங்கள் வேலைக்கும் ஆகும், நாலு பேர் வயலுக்கு ஓட்டினால் தவணையை வண்டியே கட்டிவிடும்" என்பது அந்த யோசனை. 2025 செப்டம்பரில் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட பின்னர் இந்த வாதத்துக்குப் புதிய பலம் வந்திருக்கிறது. வரியில் மிச்சமான தொகையைக் கையிலே வைத்துக்கொள்ளாமல் அடுத்த அளவு வண்டிக்கு ஏறிக்கொள்வதே விவேகம் என்று படித்தவர்களும் பேசத் தொடங்கிவிட்டார்கள். இந்த யோசனையை நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். கேட்குந்தோறும் அதன்மீது எனக்குள்ள அவநம்பிக்கை வளர்ந்துதான் வந்திருக்கிறது.

பெரிய வண்டியின் குணங்களை மறைப்பதால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆழ்ந்த சேற்றில் கேஜ்வீல் மாட்டிக்கொண்டு தயங்காமல் ஓடுவது அதுதான். ஆறடி ரோட்டவேட்டரைச் சுழற்றுவதும், உளிக்கலப்பையை அடிமண்ணில் இறக்கி இழுப்பதும், நெல் மூட்டை நிறைந்த ட்ரெய்லரை வாய்க்கால் கரைமேல் ஏற்றுவதும் அதற்கே எளிது. நம் நாட்டில் மிகுதியாக விற்பனையாவது 41 முதல் 50 குதிரைத் திறன் வரையிலான வகையே ஆதலால், உதிரி பாகம் சிற்றூரிலும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார், திரும்ப விற்றால் விலையும் போகும். பதினைந்து இருபது குதிரைத் திறன் கொண்ட சிறு வண்டிக்கு இச்சௌகரியங்களில் பாதிகூட இல்லை. களிமண் வயலில் அது முன்சக்கரம் புதைந்து நின்றுவிடுவதும் உண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன்.

வயலின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படுகையிலே நிலத்தை இன்றும் மாக்கணக்கில்தான் பேசுகிறோம். ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். ஒரு மா நிலம் கச்சிதமான சதுரமாக அமைந்திருந்தாலும் அதன் ஒரு பக்கம் 37 மீட்டருக்கு மேல் வராது. ரோட்டவேட்டர் மாட்டிய பெரிய வண்டி திரும்புவதற்கு இரண்டு முனையிலும் ஐந்து ஐந்து மீட்டர் விட வேண்டுமென்றால், வயலில் கால் பங்குக்கு மேற்பட்ட இடம் வண்டி திரும்பும் இடமாகவே போய்விடுகிறது. அதைப் பிறகு குறுக்கே ஓட்டிச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்த பின்னும் நாலு மூலையும் மண்வெட்டிக்குத்தான் மிச்சம். பாகப்பிரிவினையில் கோணலாக வெட்டுப்பட்ட வயல்களின் கதி இதனினும் பரிதாபம்.

பாரத்தின் விஷயமும் அப்படியே. பதினெட்டுக் குதிரைத் திறன் வண்டி ஏறத்தாழ 800 கிலோ. நாற்பத்தைந்து என்றால் 1,800 கிலோவுக்குக் குறையாது. மேல்மண்ணின் இறுக்கத்தை அடுத்த உழவு உடைத்துவிடும். அச்சின் பாரம் கீழே இறங்கி, உழவு எட்டாத ஆழத்தில் உண்டாக்கும் கெட்டிப் படிவத்தை அவ்வளவு சுலபமாக உடைக்க முடியாது. சேறடிப்பதனாலேயே வயலின் அடியில் ஒரு படிவம் உருவாகும் என்பது மெய். அதன்மீது ஆண்டுக்காண்டு இந்தப் பாரத்தையும் ஏற்றுகிறோம். பின்பு அந்தப் படிவத்தை உடைக்க இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்ட வேண்டியிருக்கிறது. உளிக்கலப்பையை இழுக்கப் பெரிய வண்டி வேண்டியிருக்கிறது என்று பெரிய வண்டியின் கட்சிக்காரர்கள் அதையும் தங்கள் வரவிலேயே எழுதிக்கொள்கிறார்கள்!

ஆனால் என் பிரதான ஆட்சேபம் வயலைப் பற்றியதன்று. "தவணையை வண்டியே கட்டிவிடும்" என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. ஏனைய வாதங்களெல்லாம் அலங்காரம். நாலு ஏக்கர்காரரைக் கையெழுத்துப் போட வைப்பது இந்த வாக்கியமே.

முதலில் வேலை எவ்வளவு என்று பார்ப்போம். நாலு ஏக்கரில் இருபோகம் நெல் என்றே வைத்துக்கொள்வோம். புழுதி உழவு ஒன்று, சேற்றுழவு இரண்டு, பரம்படிப்பது ஒன்று என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் போகத்துக்கு ஏக்கருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகாது; ஆக, ஆண்டுக்கு 40 மணி. நெல்லுக்குப் பின் வரும் உளுந்து, அறுவடைக்குச் சற்று முன்பே ஈரத்தில் தெளிக்கப்படுவது. அதற்கு உழவே கிடையாது. எருவும் மூட்டையும் ஏற்றுவதற்கு மேலும் 40, 50 மணி சேர்த்தாலும் நூறைத் தொடுவது பிரயாசை. வேளாண் பொறியியலாரோ டிராக்டரின் செலவைக் கணக்கிடுகையில் ஆண்டுக்கு 1,000 மணி, 10 ஆண்டு ஆயுள் என்பதையே அடிப்படையாகக் கொள்வது வழக்கம். வண்டியின் விலை 7 லட்சம் ரூபாய் என்றால், ஆயிரம் மணி ஓடும் வண்டிக்கு விலை மாத்திரம் மணிக்கு 70 ரூபாய் விழுகிறது. நூறு மணி ஓடும் வண்டிக்கு 700 ரூபாய் விழுகிறது. வட்டியும் டீசலும் ஓட்டுநர் கூலியும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கை அறியாமல் அந்த யோசனையைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அறிந்துதான், மிச்சமுள்ள 900 மணியை வாடகை என்ற பெயரால் நிரப்புகிறார்கள். இந்த இடத்திலேதான் பெரிய வண்டிக்குச் சொல்லப்படும் இரண்டு நியாயங்கள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்குகின்றன. சொந்தமாக வண்டி வேண்டும் என்பதற்கு முதல் நியாயம் என்ன? தண்ணீர் வந்த நேரத்தில் வாடகை வண்டிக்குக் காத்து நின்று பருவம் தப்பக்கூடாது என்பது. இரண்டாவது நியாயம், பிறர் வயலுக்கு ஓட்டிச் சம்பாதிக்கலாம் என்பது. மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் ஓடத் தொடங்கியதும் நம்முடைய வயல் காய்ந்து பக்கத்து வயல் மட்டும் நனைவதில்லை. எல்லாருக்கும் வண்டி தேவைப்படுவது அதே பத்துப் பதினைந்து நாட்களில்தான். அந்நாட்களில் வண்டி நம் வயலில் நின்றால் வாடகை போயிற்று; பிறர் வயலில் நின்றால் பருவம் போயிற்று. வாடகைக்காரர் முன்பணம் கொடுத்திருப்பார், நமக்கு நாமே முன்பணம் கொடுத்துக்கொள்வதில்லை. ஆகையால் சொந்த வயல் கடைசியில், இரவிலே, விளக்கு வெளிச்சத்தில், களைத்துப்போன ஓட்டுநரைக் கொண்டு உழப்படுகிறது. காத்து நிற்கக்கூடாது என்று வண்டி வாங்கியவர், தம் வண்டிக்குத் தாமே காத்து நிற்கிறார்.

அந்தப் பருவமாவது நிச்சயமானதா? ஜூன் 12 என்பது மரபு. 2022-இல் மே 24 அன்றே மேட்டூர் திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரையில் திறக்கவில்லை. தண்ணீர் தள்ளிப்போகலாம்; தவணை தள்ளிப்போகாது. குறுவை இல்லாத ஆண்டிலே வாடகைப் பருவங்களில் ஒன்று அடியோடு அற்றுப்போக, கடன் புத்தகத்தில் மாத்திரம் எல்லாப் பருவமும் விளைந்ததாகவே எழுதப்பட்டிருக்கும்.

வாடகைக்குக் கூப்பிடும் அந்த "நாலு பேர்" யார் என்பதையும் சற்று விசாரிக்க வேண்டும். 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆயிரம் மணியை நிரப்ப வேண்டுமானால் இப்படிப்பட்ட இரண்டு ஏக்கர்க்காரர்கள் இருபது பேர் போதும் என்று காகிதத்திலே கணக்குப் போடலாம். ஆனால் அவ்விருபது பேரும் தமக்குப் பதினைந்து நாளிலே வேண்டும் என்பார்கள் என்பதோடு, அவர்களில் சற்று வசதியுள்ளவர் ஒவ்வொருவருடைய காதிலும் இதே யோசனை ஓதப்பட்டு வருகிறது என்பதையும் மறக்கலாகாது. முதல் வண்டி வந்த ஊரில் வாடகை கிடைத்தது மெய். ஆறாவது வண்டி வந்த ஊரில் வாடகை வீதம் இறங்கியதும் மெய். எல்லாரும் வாடகைக்கு ஓட்டுபவராகிவிட்டால் வாடகைக்கு எடுப்பவர் யார்? போதாக்குறைக்கு வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகையில் டிராக்டர் அனுப்புகிறது. அரசு மானியத்தோடு வாடகை மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. சிறு விவசாயிக்கு இவை நன்மையே. ஆயினும் தவணை கட்ட வேண்டிய நாலு ஏக்கர்க்காரர் போட்டி போட வேண்டியதும் இவற்றோடுதான்.

வாடகை ஓட்டினாலும் அது கைக்கு வரும் விதம் வேறு. டீசலுக்குப் பணம் அன்றே கொடுக்க வேண்டும். ஓட்டுநருக்கு அன்றே படி கொடுக்க வேண்டும். வயல்காரரோ உறவினராகவோ தெருக்காரராகவோ இருப்பார், "மீதியை அறுத்ததும் தந்துவிடுகிறேன், தம்பி" என்பார். நிர்ப்பந்தித்தால் மனஸ்தாபம், நிர்ப்பந்திக்காவிட்டால் நஷ்டம். இவ்விதமாக ஊர்ப்பாக்கி சேரச் சேர, தவணைக்கு வழி தேடும் வண்டி வயலை விட்டுச் சாலைக்கு ஏறுகிறது. செங்கல் ஏற்றுகிறது, எம்-சாண்ட் ஏற்றுகிறது. விவசாய உபயோகத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்குச் சரக்கு ஏற்றுவது விதிக்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரிக்கும். இதையெல்லாம் விற்பனைக் கூடத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அங்கே மாலை போட்டுப் புகைப்படம் எடுப்பதோடு அவர்களுடைய கடமை தீர்ந்துவிடுகிறது.

நான் சற்றுக் கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். வாடகை ஓட்டிப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். தாமே ஓட்டத் தெரிந்து, தாமே பழுது பார்க்கத் தெரிந்து, தயவு தாட்சணியமின்றிப் பாக்கி வசூலிக்கவும் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் செய்வது வாகனத் தொழில். அதற்கு அந்த நாலு ஏக்கர் அடமானச் சொத்தாக மாத்திரம் பயன்படுகிறது. அத்தொழிலைச் செய்ய விரும்புகிறவர் தாராளமாகச் செய்யட்டும், ஐம்பத்தைந்து குதிரைத் திறனே வாங்கட்டும். விவசாயம் செய்ய விரும்புகிறவரிடம், அதைச் சொல்லாமலே, வேறொரு தொழிலை விற்பதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

ஆண்டில் ஐந்தாறு நாள் வரும் கனத்த வேலையை எண்ணி ஆண்டு முழுவதற்கும் வண்டியின் அளவை நிர்ணயிப்பது, கல்யாணச் சமையலை நினைத்துக்கொண்டு அன்றாட அடுப்புக்கு அண்டா வாங்குவது போன்றதே. இதே விவசாயி அறுவடை இயந்திரத்தின் விஷயத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். நாலு ஏக்கருக்காக யாரும் பெல்ட் வண்டி வாங்குவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று பேசி, அறுத்து, அனுப்பிவிடுகிறார்கள். அதை வாடகைக்கு எடுப்பதில் எவருடைய கௌரவமும் குறைந்ததாகத் தெரியவில்லை. அறுவடையோ உழவைக் காட்டிலும் அவசரமான காரியம், ஒரு மழையில் எல்லாம் சாய்ந்துவிடக்கூடியது. அவ்வளவு அவசரமான காரியத்துக்கே வாடகை வண்டி போதுமென்றால், மூன்று ஆண்டுக்கொருமுறை ஓட்டும் உளிக்கலப்பைக்கும் ஆழச் சேற்றுழவுக்கும் ஏன் போதாது?

சிறு வண்டியும் நாலு ஏக்கரில் எளிதில் கணக்குக்கு ஒத்துவராது என்பதைச் சொல்லிவிடுவது நியாயம். நெல் மாத்திரம் பயிரிடுபவருக்கு எந்த வண்டியுமே அதிகம்தான். வாழையும் கரும்பும் காய்கறியும் வைத்திருப்பவருக்கு, வரிசைகளுக்கிடையே நுழைந்து களை வெட்டவும் மருந்தடிக்கவும் வாரத்தில் இரண்டு நாள் அதற்கு வேலை இருக்கும். பெரிய வண்டி அங்கே நுழையவே முடியாது. சிறு வண்டியில் நஷ்டம் வந்தாலும் அது பாதி விலையின் நஷ்டம். நிலத்தை அடமானத்திலிருந்து மீட்க முடியாத அளவுக்குப் போவது அரிது. 1960-இல் குபோட்டா நிறுவனம் டி15 என்ற சிறு டிராக்டரை ஜப்பானில் செய்தபோது, அந்நாட்டு விவசாயியின் நிலமும் நம்முடையதைப் போன்ற துண்டு நிலந்தான். அதைப் பொம்மை என்று எவரும் ஒதுக்கிவிடவில்லை.

ஆகையால் முன்பணம் கட்டப் போகிறவர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, சென்ற ஆண்டு உங்கள் சொந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடியது, அதற்கு எவ்வளவு வாடகை கொடுத்தீர்கள் என்பதை மாத்திரம் எழுதுங்கள். பிறர் வயலில் ஓட்டப் போகும் மணிகளை அதில் எழுதாதீர்கள். அந்தத் தொகை ஓராண்டுத் தவணைக்குச் சமமாக வந்தால் பெரிய வண்டியையே வாங்குங்கள். வராவிட்டால், மைத்துனர் என்ன சொன்னாலும், கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.