முகப்பும் காட்சியகமும்: எல்லைப்புற ஊரிலிருந்து ஒரு மதிப்பீடு

முகப்பு என்ற சொல்லுக்குள் முகம் இருக்கிறது. மலையாளத்தார் சொல்லும் பூமுகத்திலும் அதே முகம்தான். வீட்டின் முகப்பு தெருவில் வருவோரைப் பார்த்து நிற்பது. வீட்டாரின் தொழில், வசதி, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் வாய் திறக்காமல் சொல்வது. அப்படியானால் தெருவைவிட்டுப் பெயர்ந்து காட்சியகத்துக்குப் போன முகப்பு என்ன சொல்லும்? நமக்குத் தெரிந்த சில காட்சியகங்களை இந்தக் கேள்வியோடு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நெய்யாற்றங்கரை, பாறசாலை, ஒற்றசேகரமங்கலம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் கலை ஆராய்ச்சி அல்ல. சொந்த வீட்டு விவகாரம்.

வெளிச்சுவரே பாடம்

திருவனந்தபுரத்தில் 1855-இல் நிறுவப்பட்ட காட்சியகத்துக்கு இன்றுள்ள நேப்பியர் கட்டிடம் 1880-இல் எழுந்தது. வடிவமைத்தவர் ராபர்ட் சிசோம். சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபமும் அவர் வடிவமைத்ததே. கேரளத் தச்சு மரபின் கூரை முகப்புகளை எடுத்து, வண்ணப் பட்டைகளையும் வளைவுகளையும் அவற்றோடு சேர்த்தார். உள்ளே வெண்கலச் சிலைகள், தந்த வேலைப்பாடுகள், மரச் சிற்பங்கள், தேர். தனித்தனியே பார்த்தால் எல்லாம் அருமைதான். ஆனால் ஒரு மரச் சிற்பம் எந்தக் கூரையின் கீழ், எந்தத் திசை பார்த்து நின்றது என்று எண்ணிப் பார்க்க அங்கே வாய்ப்புக் குறைவு. இவ்வட்டாரக் கட்டிடக்கலை பற்றி அக்காட்சியகம் சொல்லும் பெரிய செய்தி அதன் வெளிச்சுவரிலேயே இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் உள்ளே ஓடுமுன் வாசலில் பத்து நிமிடம் நிற்பது நல்லது.

கடல் கடந்த மண்டபம்

பெயர்த்தெடுத்தலுக்கு எல்லை எதுவரை என்பதற்கு மதுரை ஓர் எடுத்துக்காட்டு. 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த கருங்கல் தூண்களையும் பிற கற்களையும் விலைக்கு வாங்கினார். அவர் குடும்பத்தார் 1919-இல் அவற்றைப் பிலடெல்பியா கலைக் காட்சியகத்துக்கு அளித்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள் அங்கே ஒரு மண்டபமாக நிற்கின்றன. மழை வெயிலில் கெடாமலும் களவு போகாமலும் இருப்பது உண்மை. அயல்நாட்டார் நம் சிற்பிகளின் திறமையைக் காண்பதும் உண்மை. ஆயினும் சுற்றிவரப் பிராகாரம் இல்லை, எதிரே தெரு இல்லை. தூண்கள் போயின, மண்டபத்தின் சூழல் போகவில்லை.

முட்டுக்காட்டு முயற்சி

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வேறு வழியில் சென்றது. சிற்பத்தை மட்டும் எடுக்காமல் வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டினார்கள். செட்டிநாட்டு வீடு, கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு முதலியன அங்கே உள்ளன. திண்ணையில் உட்காரலாம், நடையைத் தாண்டி உள்ளே போகலாம். இது பெரிய லாபம். ஆனால் பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த வீடுகள் அடுத்தடுத்து நிற்கும்போது, எந்த மழைக்காகக் கூரையை இவ்வளவு சரித்தார்கள், எந்தக் காற்றுக்காக இந்தப் பக்கம் திறந்துவிட்டார்கள் என்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். கேட்காமல் புகைப்படம் மட்டும் எடுத்துத் திரும்பினால் பாதிதான் பார்த்தோம் என்று அர்த்தம்.

நின்ற இடத்தில் நிற்பது

பத்மநாபபுரம் அரண்மனை இவற்றுக்கெல்லாம் மாறுபட்டது. 1601-இல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் தொடங்கியதாகச் சொல்வர். 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் விரிவாகத் திருத்திக் கட்டினார். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்தபோது கல்குளம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். எல்லைப்புறத்து நமக்கு இந்த நிலைமை புதிதல்ல.

அங்குள்ள அம்பாரி முகப்பைப் பாருங்கள். யானை மேல் வைக்கும் அம்பாரி வடிவில் மரத்தால் அமைந்த அந்த மாடத்திலிருந்துதான் அரசர் வீதி ஊர்வலங்களைக் கண்டார். வீதி கீழே இன்றும் இருப்பதால், அது ஏன் அந்த உயரத்தில், அந்தத் திசையில் இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்குகிறது. தாய்க்கொட்டாரத்துப் பலாமரத் தூணும் அப்படியே. கூரையைத் தாங்கிக்கொண்டுதான் அழகாகவும் இருக்கிறது. தெற்குக் கொட்டாரத்தில் பழைய வீட்டுப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. பொருளும் கட்டிடமும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்கு உரை எழுதுகிறது. இம்மதிப்பீட்டில் முதலிடம் பத்மநாபபுரத்துக்கே.

ஆனால் குறையும் உண்டு. அரண்மனையின் கதை அரசர் பெயர்களாலேயே நடக்கிறது; உளி பிடித்த தச்சன் பெயர் அதில் வருவதில்லை. எல்லைப்புறத்துச் சாதாரண ஓட்டு வீட்டின் முகப்பும் மேற்சொன்ன வரிசையில் எங்கும் இடம்பெறவில்லை.

நம் கையில் உள்ளது

அந்த வீடுகள் நம்முடையவை. "பழைய வீடு எதுக்கு? இடிச்சுப் போட்டு வார்ப்பு வீடு கட்டிரலாம்" என்பது இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. கட்ட வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவருக்குத்தானே கஷ்டம் தெரியும். ஆனால் இடித்த கதவும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் குவிந்திருக்கும் கதவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் ஊர்ப்பெயர் எழுதியிருக்காது.

மரத்தோடு சொல்லும் போகிறது. படிப்புரை, சாய்ப்பு, நிரை, கழுக்கோல் என்று நம் பெரியவர்கள் தமிழும் மலையாளமும் கலந்து சொன்ன பெயர்கள் எந்த அகராதியைவிடவும் அந்த வீடுகளிலேதான் உயிரோடு இருந்தன. ஆகவே இடிக்குமுன் நான்கு காரியம் செய்யலாம். தெருவில் நின்று முகப்பை முழுதாகப் படம் எடுப்பது. நீள அகலத்தை அளந்து எழுதுவது. மரம் எது, கட்டியவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது. ஒவ்வொரு பாகத்தையும் அவர்கள் சொல்லும் பெயரிலேயே குறித்துக்கொள்வது. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு நோட்டும் ஒரு கைப்பேசியும் போதும். ஊர்தோறும் சேரும் இத்தகைய ஏடுகளைத் தொகுத்து வைக்கும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்க வேண்டும். நாளை ஒரு காட்சியகம் நம் வட்டாரக் கதவொன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்துமானால், அது எந்தத் தெருவைப் பார்த்து நின்றது என்று சொல்ல அப்போது சான்று இருக்கும்.